யோலிதாவின் கல்யாண பீர்

மெட்ஜூனாய்
20 அக்டோபர் 1996

அன்புள்ள எல்வீராவுக்கு,

அத்தான் எழுதுகிறேன். உடம்புக்கு இப்போது குறையொன்றும் இல்லை. பிப்ரவரியில் வந்த காய்ச்சல் இழுத்தடித்துவிட்டுப் போனது. அதன் பிறகு சாப்பாடு மட்டும் ருசிப்பதில்லை. தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு என்ன ருசி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடற்கரை ஊரில் இருந்தால் அது குறையாது என்று அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கவில்லை.

பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பும் பார்சலில் மூன்று புட்டி இருக்கும். ஆமாம், பீர்தான். உன் அக்கா போனதிலிருந்து நான் தொட்டியைத் தொடவே இல்லை. போன மாதம் யோலிதா பானவேஜிஸிலிருந்து வந்தாள். "அப்பா, நீங்க இப்படி ஜன்னலையே பாத்து உக்காந்திருந்தா நான் வேலைய விட்டுட்டு இங்கயே வந்துருவேன்" என்று மிரட்டினாள். அதற்குப் பயந்து தொட்டியைக் கழுவினேன். பார்லி நம் வயலுடையது. அதை முளைகட்டி அரைத்த கூழை எப்போதும்போல ரொட்டியாகத் தட்டி அடுப்பில் சுட்டுத்தான் போட்டேன். ஈஸ்ட் கிணற்றுக்குள் ஜாடியில் தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்பினேன்.

நீ முன்பெல்லாம் எழுதுவாயே, அப்படி எழுது. "அத்தான், இது பீரா, ஈரச் சாக்கைப் பிழிஞ்ச தண்ணியா?" என்று கேட்டவள் நீ. உன் அக்கா ஸ்தாசே அந்தக் கடிதத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டிச் சிரித்தாள். மூக்கில் என்ன வருகிறது, நாக்கில் என்ன நிற்கிறது, தொண்டையில் எது இறங்குகிறது, ஒன்று விடாமல் எழுது. மீன் ஆலையில் நிற்கிறவளுக்கு மூக்கு எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஃபெலிக்சாஸிடம் ஒரு குவளை கொடுத்தேன். "நல்லாருக்கு, இன்னொண்ணு ஊத்து" என்றான். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் அவன் அதையேதான் சொல்வான்.

காலிப் புட்டிகளைத் திருப்பி அனுப்பு.

உன் அத்தான்
ஜெனோனாஸ்


கிளைபேதா
4 நவம்பர் 1996

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நாலு மாடி ஏறுகிறேன், முழங்கால் வலியும் என்னோடு ஏறுகிறது. மற்றபடி சுகம். இறந்தவர்கள் நாளுக்கு வர ஆலையில் விடுப்புக் கொடுக்கவில்லை. அக்காவின் கல்லறையில் என் பங்குக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பார்சல் உடையாமல் வந்தது. அன்று மாலையே ஒன்றைத் திறந்தேன். நிறம் பழைய செம்புப் பாத்திரம்போல அழகாக இருக்கிறது. நுரையும் நின்றது. சுட்ட வாசம் முன்னால் வருகிறது. நல்ல பீர், அத்தான். நீங்கள் மறுபடி தொட்டியைக் கழுவினீர்கள் என்று படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விட்டுவிடாதீர்கள். குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருங்கள்.

குறை சொல்லச் சொல்கிறீர்கள். தேடினேன், கிடைக்கவில்லை.

நானும் என் சமையலறையில் போட்டதை அனுப்புகிறேன். இந்த முறை அதில் ஒரு வேலை செய்திருக்கிறேன். என்ன என்று சொல்லமாட்டேன். மூடியைத் திறந்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

எல்வீரா


மெட்ஜூனாய்
12 டிசம்பர் 1996

அன்புள்ள எல்வீராவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடுகிறேன். இங்கே முழங்கால் அளவு பனி. உனக்கு அங்கே மழையும் காற்றுமாக இருக்கும்.

உன் பீர் அருமை. நுரை ஆட்டுக்குட்டி ரோமம்போல. நிறம் தேன். நாக்கை நன்றாகக் கடிக்கிறது. நீ செய்த வேலையைக் கண்டுபிடித்துவிட்டேன்: பார்லியோடு கோதுமை கலந்திருக்கிறாய். நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறதே.

ஆனால் என் பீருக்கு நீ எழுதியது போதாது. "தேடினேன், கிடைக்கவில்லை" என்பதெல்லாம் ஒரு தீர்ப்பா? ஸ்தாசே இருந்தால் "என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா" என்று கேட்டிருப்பாள். அடுத்த பீரும் அனுப்பியிருக்கிறேன். கசப்புக்குப் போட்ட ஹாப்ஸ் பூவின் வாசம் எவ்வளவு வருகிறது, புளிப்பு ஏதும் தட்டுகிறதா, அடுப்புச் சூடு கூடிவிட்டதா, தனித்தனியாக எழுது.

போன வாரம் ஒரு கூத்து. ஃபெலிக்சாஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தவன் கத்த ஆரம்பித்துவிட்டான். "யோவ், சாகப் போறியா? வீடு பூரா காஸ் நாறுது." அடுப்புத் திருகு திறந்தே இருந்திருக்கிறது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். யோசனை எங்கேயோ இருந்தது.

கிறிஸ்துமஸ் இரவு மேஜையில் உன் அக்காவுக்கும் ஒரு தட்டு வைப்பேன்.

உன் அத்தான்
ஜெனோனாஸ்


கிளைபேதா
19 ஜனவரி 1997

அன்புள்ள அத்தானுக்கு,

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கட்டும். எனக்குச் சளி, அவ்வளவுதான்.

கோதுமை இல்லை, அத்தான். ஜூனிப்பர் காய், காடே மணக்கிற காய். ஒரு தொப்பி நிறையப் பறித்துவந்து போட்டேன். கொதிக்கும்போது மாடிப்படி ஏறியவர்களெல்லாம் "காட்டையே சமைக்கிறியா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் புட்டியை நீங்கள் திறந்தீர்களா, இல்லை ஃபெலிக்சாஸ் திறந்தாரா? திறக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், கோபிக்கமாட்டேன்.

காஸ் விஷயத்தைப் படித்ததும் எழுந்துபோய் என் அடுப்புத் திருகைப் பார்த்துவிட்டு வந்தேன். யோசனையை அடுப்பில் வையுங்கள். போனவளையே நினைத்துக்கொண்டிருந்தால் போனவள் திரும்பி வரமாட்டாள்.

உங்கள் பீர். ஹாப்ஸ் அளவாக இருக்கிறது. மூன்றாவது மடக்கில் ஒரு புளிப்பு எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. எங்கள் வீட்டுச் சூட்டில் நின்றதால் இருக்கலாம், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மொத்தத்தில் நல்ல பீர்.

எல்வீரா


மெட்ஜூனாய்
2 மார்ச் 1997

அன்புள்ள எல்வீராவுக்கு,

சளிக்கு ராஸ்ப்பெரிக் குச்சியை வேகவைத்துக் குடி. எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது.

ஜூனிப்பர் என்று தெரியாமலா இருக்கும்? உன்னைச் சீண்டத்தான் கோதுமை என்று எழுதினேன். இப்படிக் கோபித்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

இப்போது நல்ல செய்தி. யோலிதாவுக்குக் கல்யாணம். பையன் பெயர் தௌத்வீதாஸ், பால் பண்ணையில் மெக்கானிக். அதிகம் பேசாதவன், ஆனால் வந்த அன்றே நம் கிணற்றுக் கப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனான். ஜூன் கடைசிச் சனிக்கிழமை, நம் வீட்டில்தான். அவன் அப்பாவும் வீட்டில் பீர் போடுகிறவராம். "பொண்ணு வீட்டு பீரைக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் மத்த பேச்சு" என்று சிரித்தார்.

யோலிதா பிறந்த அன்றே ஸ்தாசேவிடம் சொல்லியிருக்கிறேன், இவள் கல்யாணத்துக்கு என் கையால்தான் பீர் என்று. இந்தப் பார்சலில் வருவது அதே முறை, அதே ஈஸ்ட். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இதைக் கல்யாண மேஜையில் வைக்கலாமா, கூடாதா? கூடாது என்றால் கடையில் வாங்கிவிடுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. யோலிதா சின்ன வயதிலிருந்தே பீரைத் தொடமாட்டாள், உனக்குத் தெரியும். குடித்துப் பார்த்து முகம் சுளிக்க இந்த வீட்டில் ஆள் இல்லை. உன்னை நம்பித்தான் கேட்கிறேன்.

உன் அத்தான்
ஜெனோனாஸ்


மெட்ஜூனாய்
6 ஏப்ரல் 1997

எல்வீரா, நலம்தானே? பார்சல் வந்ததா? டிரைவர் கொடுத்துவிட்டேன் என்கிறான். பார்லியை முளைகட்ட வேண்டும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ஒரு வரி போதும்.

அத்தான்


கிளைபேதா
10 ஏப்ரல் 1997
(எழுதி, தபாலில் சேர்க்காதது)

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பீர் கெட்டுப்போயிருக்கிறது. இப்போது இல்லை, முதலிலிருந்தே. அக்டோபரில் வந்தது கருகல். இரண்டாவது புளிப்பு. இப்போது வந்ததைத் திறந்துவிட்டு ஜன்னலையும் திறந்துவைத்தேன். நீங்களும் இதைத்தானே குடிக்கிறீர்கள், உங்களுக்கு எப்படித் தெரியவில்லை? துக்கம் மனிதனின் நாக்கை இப்படியா மரக்கடிக்கும்?

முதல் புட்டியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டுவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் நல்லது என்றாய் என்று கேட்பீர்கள். அக்கா இருந்திருந்தால்


கிளைபேதா
15 ஏப்ரல் 1997

அன்புள்ள அத்தானுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஆலையில் இரட்டை வேலை. யோலிதாவுக்கு என் முத்தங்கள். அக்கா மேலிருந்து பார்ப்பாள்.

வைக்கலாம், அத்தான். தாராளமாக வைக்கலாம். ஒன்று மட்டும். தொட்டியையும் பீப்பாயையும் கொதிக்கிற நீர் ஊற்றி நன்றாகத் தேயுங்கள். ஈஸ்ட்டையும் புதிதாக வாங்கினால் என்ன? கல்யாணத்துக்கு எல்லாம் புதிதாக இருப்பது நல்லதுதானே. என்னிடம் இருப்பதை அனுப்பட்டுமா?

எல்வீரா


பானவேஜிஸ்
6 ஜூலை 1997

அன்புள்ள சித்திக்கு,

வர முடியவில்லை என்ற உங்கள் தந்தி கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. கால் பிசகியது இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் நெய்து அனுப்பிய மேஜைவிரிப்பைத்தான் விரித்தோம். நானும் அவரும் சுகம்.

நடந்ததை உங்களுக்கு வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. உங்கள் ஏப்ரல் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "சித்தி ஈஸ்ட்ட மாத்தச் சொல்றாளேப்பா" என்றேன். "அது அவ பாசத்துல சொல்றது. பீர் நல்லாருக்குன்னு அவளே எழுதிட்டா. இந்த ஈஸ்ட்தான் உங்கம்மா கல்யாணத்துக்கும் பொங்குச்சு" என்றார்.

வாசலில் ரொட்டியும் உப்பும் கொடுத்து எங்களை உள்ளே அழைத்ததும், அப்பா முதல் குவளையைத் தன் கையால் என் மாமனாருக்கு நீட்டினார். மாமனார் ஒரு மடக்கு குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "பயணக் களைப்பு, சம்பந்தி. நிதானமா குடிக்கறேன்" என்று குவளையை வைத்தார். பிறகு அதைத் தொடவில்லை. மேஜை முழுக்க அப்படித்தான். பூச்சாடிக்குப் பின்னால், நாற்காலிக்கு அடியில், ஒரு வாய் குடித்த குவளைகள். ஃபெலிக்சாஸ் மாமா கூட இரண்டாவது கேட்கவில்லை.

சாயங்காலம் மாமனார் பக்கத்துப் பையன்கள் காரிலிருந்து கடை பீர்ப் பெட்டிகளை இறக்கினார்கள். அப்பா பார்த்துவிட்டார்.

"இது யாருக்கு?"

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார் மாமனார். "கூட்டம் ஜாஸ்தி. உங்களுது தீந்துருமோன்னுதான்."

அப்பா பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். நிறைந்திருந்தது. ஒரு குவளை பிடித்து, எல்லோரும் பார்க்க முழுதாகக் குடித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. நீ பாரு, இதுல என்ன?" என்று குவளையை முகத்துக்குக் கிட்டே நீட்டினார். நான் கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். என் வயிற்றில் ஒன்று இருக்கிறது, சித்தி, அதனால்தான். அப்பாவுக்கு அது அன்றைக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டம் முடியும்வரை பீப்பாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்று மட்டும் சொன்னார்: "நல்லாருக்குன்னு எல்வீரா எழுதினாளே."

சித்தி, நீங்கள் உண்மையிலேயே அதைக் குடித்துப் பார்த்தீர்களா?

யோலிதா


கிளைபேதா
14 செப்டம்பர் 1997

அன்புள்ள அத்தானுக்கு,

கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று யோலிதா மூலம் தெரிந்துகொண்டேன். அவளும் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

எல்வீரா


மெட்ஜூனாய்
9 நவம்பர் 1997

எல்வீராவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

யோலிதா என்னைப் பானவேஜிஸில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு அவர் ஒவ்வொரு புட்டியாக மூக்குக்கு அடியில் நீட்டினார். "இது என்ன?" "தண்ணி." "இது?" "தண்ணி." முடிந்ததும் சொன்னார், ஒன்று காப்பி, ஒன்று பூண்டு, ஒன்று மண்ணெண்ணெய். முகரும் சக்தி போன வருஷக் காய்ச்சலில் போனது, இனி வராது என்கிறார்.

எனக்குச் சந்தேகம் முன்பே இருந்தது. காஸ் நாறிய அன்றே இருந்தது. மூக்கில்லாதவன் பீர் போடுகிறான் என்று ஊர் சிரிக்குமே என்று யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் மூக்கில் என்ன, நாக்கில் என்ன என்று உன்னைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். நீ முகர்ந்து சொன்னால் போதும் என்று இருந்தேன். உன் ஜூனிப்பரும் எனக்குத் தெரியவில்லை. அதில் நானும் பொய் சொன்னவன்தான். ஆனால் என் பொய்யால் உன் வீட்டுக் கல்யாணத்தில் யாரும் தலைகுனியவில்லை.

உன் அக்காவின் சால்வையைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஈஸ்டர் அன்று எடுத்து முகத்தில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. நாளாகிவிட்டது, வாசம் போய்விட்டது என்று மடித்து வைத்துவிட்டேன். டாக்டரிடமிருந்து வந்த அன்று அதை எடுத்து யோலிதாவிடம் கொடுத்தேன். முகர்ந்தாள். "அப்படியே இருக்குப்பா" என்றாள்.

பார்சலில் ஒரு புட்டி வருகிறது. எதைப் பற்றியும் கேட்காதே. குடித்துப் பார்த்து உள்ளதை எழுது. இந்த ஒரு முறை.

ஜெனோனாஸ்


கிளைபேதா
23 நவம்பர் 1997

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்குச் சுகம் கேட்டு எழுதும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் கேட்டபடி உள்ளதை எழுதுகிறேன்.

திறந்ததும் காடியின் புளிப்பு நெடி. அதற்குக் கீழே கருகல். ரொட்டியை அடுப்பிலேயே மறந்திருக்கிறீர்கள், ஓரம் மட்டும் இல்லை, உள்ளேயும் கரிந்திருக்கிறது. பிறகு ஒரு வாடை, ஈரத் துணியை மூட்டை கட்டி மாதக் கணக்கில் வைத்ததுபோல. தொட்டியின் மரத்துக்குள் பூஞ்சை இறங்கியிருக்கிறது. குவளையில் ஊற்றினால் நூல்விடுகிறது. நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தொண்டையில் கசப்பு இல்லை, எரிச்சல்தான். எழுத வேண்டுமே என்று இரண்டு மடக்கு விழுங்கினேன். இதை மனிதருக்கு ஊற்றக் கூடாது, அத்தான். பன்றிக்கும் யோசித்துத்தான் ஊற்ற வேண்டும்.

தொட்டியைக் கைவிடுங்கள், புதுத் தொட்டி வேண்டும். கிணற்று ஜாடியை உடைத்துப்போடுங்கள். என் ஈஸ்ட்டை அனுப்புகிறேன். ரொட்டியை மூக்கால் பார்க்காமல் கடிகாரத்தால் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அனுப்புங்கள், இப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் மறுபடி எழுந்து நின்றீர்களே என்ற சந்தோஷத்தில் முதல் பொய்யைச் சொன்னேன். மற்றதெல்லாம் அதைக் காப்பாற்றச் சொன்னது. உங்கள் கடிதங்களில் ஒரு வருஷமாக நீங்களே முகர்ந்து சொன்ன வாசனை ஒன்றுகூட இல்லை. நான் அதைப் படித்தும் படிக்காதவளாக இருந்துவிட்டேன். என் காலும் பிசகவில்லை. கல்யாணத்துக்கு டிக்கெட் வாங்கிப் பஸ் நிலையம்வரை வந்தேன். உங்கள் பீரை உங்கள் எதிரே குடிக்க வேண்டுமே என்று திரும்பிவிட்டேன். தந்தி அங்கிருந்துதான் அடித்தேன்.

எல்வீரா


மெட்ஜூனாய்
15 பிப்ரவரி 1998

அன்புள்ள எல்வீராவுக்கு,

நான் சுகம். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய உப்பு மீன் வந்தது. பல்லுக்கு நன்றாக இருந்தது.

நீ குடித்தது கல்யாண பீர். பீப்பாயைக் கவிழ்ப்பதற்கு முன் ஒரு புட்டி பிடித்து நிலவறையில் வைத்திருந்தேன். அன்று நான் ஊற்றியது என்ன என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. சம்பந்தி நாகரிகம் தெரிந்தவர். ஃபெலிக்சாஸ் பேச்சை மாற்றுவான். யோலிதாவைக் கேட்டால் அழுவாள். இப்போது தெரிந்துகொண்டேன். பூஞ்சை, கரி, காடி என்று உன் வரிகளை அப்படியே எடுத்துப்போட்டுச் சம்பந்திக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "தெரிஞ்சு எழுதியிருக்கீங்க, எனக்கு அது போதும்" என்று பதில் போட்டார்.

ஈஸ்ட் வேண்டாம். தொட்டியைச் செப்டம்பரிலேயே பிளந்து விறகாக்கிவிட்டேன். ஜாடியும் இல்லை. மற்றவர் மூக்கை வைத்துக்கொண்டு பீர் போட என்னால் ஆகாது.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். அது இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

யோலிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். ஒரு மாதம் இங்கே என்னோடு இருக்க வந்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களெல்லாம் குழந்தையை வாங்கி உச்சி முகர்கிறார்கள். முகர்ந்துவிட்டு, ஆணானாலும் பெண்ணானாலும், ஒரு மாதிரி முகம் இளகிப் போகிறார்கள். என் கையிலும் கொடுத்தார்கள். நானும் முகர்ந்தேன். மற்றவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டேன். யோலிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வெதுவெதுப்பாக இருந்தது, முடி மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு, "என்ன வாசம் வருது?" என்று அவளைக் கேட்டேன். "குழந்த வாசம்தாம்பா" என்கிறாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஈஸ்டருக்கு மறுநாள் பெயர் வைக்கிறோம். நீ வா. பீர் கொண்டுவராதே, கடையில் வாங்கிக்கொள்வோம். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முதலில் என்ன வருகிறது, அடியில் என்ன நிற்கிறது என்று எனக்கு நிதானமாகச் சொல். பால் புளித்த வாடை இருந்தால் அதையும் சொல், மறைக்காதே.

உன் அத்தான்
ஜெனோனாஸ்